கூட்டிப் பெருக்கிய சாலை

மாசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துத் தார்ச்சாலை அரசாங்கத்துக்குச் சொந்தமில்லை. சம்பா அறுப்புக்கு முன்னால் வயலில் தெளித்த உளுந்து முற்றிக் காய்ந்ததும் செடியைப் பிடுங்கிச் சுமந்து வந்து, ஆளாளுக்கு வீட்டெதிரே சாலையில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்துக் காயை உடைத்துக் கொடுத்துவிட்டுப் போகும். மாடு கட்ட வேண்டாம், ஆள் தேட வேண்டாம். டிரைவர்கள் திட்டிக்கொண்டே போவார்கள். நாங்களும் திட்டைக் காதில் போட்டுக்கொள்ளாமல் செடியைக் கிளறிக்கொண்டிருப்போம்.

சில டிரைவர்கள் விவரமானவர்கள். செடி வழுக்கும் என்று தெரிந்து, வெறும் தார் தெரிகிற மறுபக்கமாக ஒதுங்கிப் போய்விடுவார்கள். அதற்கும் எங்கள் ஆட்கள் வழி கண்டுபிடித்தார்கள். அந்த மறுபக்கத்தில் நாலு கல்லை வரிசையாக வைத்துவிட்டால், வருகிற வண்டி வேறு வழியில்லாமல் செடிமேல் ஏறித்தானே ஆக வேண்டும். இதைத் தப்பு என்று ஊரில் ஒருவரும் நினைத்ததில்லை. அந்தக் கற்களைச் சுற்றி ஆயிரம் தடவை சைக்கிளை வளைத்த நானும் நினைத்ததில்லை.

என் பெயர் ரெமிஜியஸ். புங்கடிக்காட்டுக் கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம், சாவு என்று எல்லாவற்றையும் எடுப்பேன். சாலையில் எங்கேயாவது விபத்து என்றால் ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும். ஏட்டு நடராசன் பைக்கின் பின்னால் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு போவேன். போலீஸ் படத்துக்கும் பாஸ்போர்ட் படத்துக்கும் ஒரே கறுப்பு வெள்ளைச் சுருள்தான்.

தொண்ணூற்றொன்பது பங்குனியில் ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு ஏட்டு வந்து கூப்பிட்டார். சாமிதுரை அண்ணன் வீட்டு எதிரில் லாரி ஒன்று மோதிவிட்டதாம்.

சாமிதுரை வீடு ஊரைத் தாண்டி, சாலைக்கு மேற்கே, தனியாக இருந்தது. அவருடைய அப்பா பண்ணையில் வேலைக்கு நின்றவர். சாமிதுரை நாற்றுக்கட்டு தூக்கி, கரும்பு வெட்டி, ஐம்பது வயதுக்கு மேல் சொந்தமாக ஒரு ஏக்கர் வாங்கினார். மனைவி காத்தாயி. ஒரே மகன் பகலவன், வெல்டிங் படித்தவன். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறைக்கு ஆள் எடுத்ததில் தேறியிருந்தான். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். விபத்துக்கு முதல் நாள் சாயங்காலம்தான் ஏஜென்ட் கேட்டாரென்று இன்னும் சில படம் வேண்டி என்னிடம் வந்து உட்கார்ந்தான். அவன் முகம் என் கேமராவுக்குள் கழுவாத சுருளில் இருந்தது.

லாரி சாலையின் மேற்குப் பாதியில் கோணலாக நின்றது. பேராவூரணிக்குத் தேங்காய் ஏற்றப் போன காலி வண்டி, தெற்கே பார்த்து நின்றது. பம்பருக்கு அடியில் ஒரு மொபெட் மடங்கிக் கிடந்தது. மீன் பெட்டி உடைந்து இறாலும் ஐஸுமாகச் சிதறியிருக்க, காக்கைகள் இறங்கிவிட்டன. பெட்டியைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. முத்துப்பேட்டை அப்துல் வஹாப் பாய். வாரத்தில் மூன்று நாள் எங்கள் பக்கம் வருவார். காத்தாயி அக்காவுக்கு எடை போட்டபின் கையில் ஒரு பிடி அள்ளிச் சேர்த்துப் போடுவார்.

பாய் அங்கே இல்லை. லாரி டிரைவரே அவரைத் தூக்கி, பின்னால் வந்த வேனில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. டிரைவர் அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய் நின்றுவிட்டான். பேர் சகாயராஜ், கும்பகோணத்துக்காரன். ஓடாமல் வந்து நின்ற டிரைவரைப் பார்ப்பது அதிசயம் என்று ஏட்டே சொன்னார்.

நான் சாலையைப் பார்த்தேன். பங்குனி மாதத்தில் எங்கள் சாலை எப்போதும் உளுந்துப் பொட்டும் சருகுமாகத்தான் கிடக்கும். அங்கே நாற்பது அடிக்குத் தார் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. ஓரத்து மண்ணில் விளக்குமாற்றின் கீறல்கள் வரிவரியாகத் தெரிந்தன. வீட்டுக் கொல்லையில் படுதா போட்டு மூடிய ஒரு குவியல். சாலையின் கிழக்கே கருவேலம் புதரில் ஆட்டுக்கல் குழவி ஒன்று கிடந்தது. காத்தாயி வீட்டில் கிரைண்டர் வாங்கியபின் அந்தக் குழவி வாசலில் உருண்டு கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். பாயைத் தூக்கிக்கொண்டு டிரைவர் போன அந்த ஒரு மணி நேரத்தில் இங்கே என்ன வேலை நடந்திருக்கிறது என்பது எனக்கு விளங்கிவிட்டது.

ஏட்டு டேப்பை எடுத்தார். ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். "யோவ் சாமிதுரை, இதப் புடிய்யா" என்றார். சாமிதுரை கிழக்கு ஓரத்தில் குந்தி டேப்பைப் பிடித்தார்.

"கெழக்கு ஓரத்துலேருந்து லாரியோட எடது சக்கரம் பதினோரு அடி" என்றார் ஏட்டு. "ரோடே இருபதடி. முழு வண்டியும் ராங் சைடுல நிக்கிது. எதுக்க வந்தவன் அவன் பக்கத்துலதான் ஒழுங்கா வந்திருக்கான். இதுக்கு மேல என்ன விசாரண வேண்டிக்கெடக்கு?"

அளந்தவரைக்கும் அளவு சரிதான். லாரி ஏன் அந்தப் பக்கம் போனது என்பதை டேப் சொல்லாது.

வரைபடம் போட்டார். மகசர் எழுதி உரக்கப் படித்தார். 'சாலை நேராகவும், காய்ந்தும், தடங்கல் ஏதுமின்றியும் காணப்பட்டது.' உள்ளூர்ச் சாட்சியாகச் சாமிதுரையைக் கையெழுத்துப் போடச் சொன்னார். சாமிதுரை அறிவொளி வகுப்பில் கையெழுத்துப் படித்தவர். போடச் சொன்னால் சந்தோஷமாக, ஒவ்வோர் எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு போடுவார். அன்றைக்கும் நாக்கைக் கடித்துக்கொண்டுதான் போட்டார்.

நான் ஆறு படம் எடுத்தேன். ஏழாவதாக லாரியின் பின்பக்கம் போனேன். இரட்டை டயருக்கு நடுவில் உளுந்துச் செடி கொத்தாகத் திணிந்திருந்தது. காய்கள் நசுங்கி, கறுப்பு மணிகள் ரப்பரில் ஒட்டியிருந்தன. எடுத்தேன்.

"டயரு எதுக்குய்யா? பொண்ணு பாக்கவா?" என்றார் ஏட்டு.

மறுநாள் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். எந்த விபத்து வண்டியையும் அவர் ஓட்டிப் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் வழக்கு நகரும். ஸ்டேஷன் வாசலில் லாரியை முன்னும் பின்னும் நகர்த்தி, பிரேக்கை மிதித்துப் பார்த்தார். பிரேக் நன்றாகத்தான் இருந்தது. 'விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமல்ல' என்று எழுதினார். வண்டியின் மேல் குற்றமில்லை, சாலையின் மேல் குற்றமில்லை என்றால் மிச்சம் இருப்பது டிரைவர்தானே. அவர் அதை எழுதிக்கொண்டிருந்தபோது ஸ்டேஷன் பக்கத்து வீட்டு ஆடு ஒன்று பின் டயர் இடுக்கில் வாயை வைத்து எதையோ இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. நான் அதை விரட்டவில்லை.

அன்று மத்தியானம் சாமிதுரை ஸ்டுடியோவுக்கு வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். மற்ற நாளில் அப்படி வரமாட்டார்.

"தம்பி, படமெல்லாம் கழுவியாச்சுங்களா?"

"ஆச்சுண்ணே. பகலவன் படமும் அதுல இருக்கு. நல்லா வந்திருக்கு."

"அது இருக்கட்டும். அந்த டயரு படம்..."

நான் மேசையில் கிடந்த உறைகளை அடுக்கத் தொடங்கினேன்.

"செடிய ஒதுங்கி ஒதுங்கிப் போறானுவளேன்னு பகலவன்தான் தம்பி விடியக்காலம் கல்லத் தூக்கி வெச்சான். நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இன்னும் ரெண்டு வையிடான்னும் சொன்னேன். லாரி இந்தப் பக்கம் ஏறி வந்துச்சு. பாயி எதுக்க வந்தத டிரைவரு பாத்துட்டு பிரேக்கு அடிச்சாரு. பனியில நனைஞ்ச செடி. அப்படியே சறுக்கிக்கிட்டே போச்சு."

"இத ஏட்டுக்கிட்ட சொல்லலாமேண்ணே."

"பாஸ்போட்டு விசாரணைக்கு அந்த ஏட்டுதான் தம்பி வரப்போறாரு. பய மேல கேஸுன்னு எழுதிட்டா அவன் கதி என்னா? எங்கப்பன் காலத்துலேருந்து சேத்துல நின்னாச்சு. இவன் ஒருத்தனாச்சும் அந்தாண்ட போவட்டும்."

அவர் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் நான் யோசித்திருப்பேனோ என்னவோ. உட்காராமல், சுவரில் தொங்கிய கல்யாணப் படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஆறு படத்தை மட்டும் பிரிண்ட் போட்டு உறையில் வைத்தேன். ஊரில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். அவரவர் உளுந்தும் சாலையில்தான் கிடந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் படம் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு பெண் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் பெண் குழந்தை, கழுத்தில் செபமாலை. டிரைவரின் மனைவி ஃபிளோரா. விபத்து நடந்த இடத்துக்கு வழி கேட்டாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பகலவன் எங்களைப் பார்த்ததும் கொல்லைப்புறமாக வயலுக்கு இறங்கிப் போய்விட்டான். சாமிதுரை வரப்பு வெட்டப் போயிருந்தார். காத்தாயி அக்கா வாசலுக்கு வந்தாள். வெயிலில் வந்தவர்களைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ஃபிளோரா வாங்கிய சொம்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பித்தளைச் சொம்பு, விளிம்பில் ஒரு நசுங்கல்.

"இந்தச் சொம்புதானாக்கா?"

"எது தாயி?"

"அவரு ஜெயில்ல வெச்சு சொன்னாரு. மீன்கார பாயி தண்ணி தண்ணின்னு கேட்டாராம். ஒரு அம்மா சொம்புல தண்ணி கொண்டாந்து வாயில ஊத்துச்சாம். நசுங்குன சொம்புன்னாரு. எல்லாரும் தள்ளி நின்னாங்களாம், அந்தம்மா மட்டும்தான் கிட்ட வந்துச்சாம். அத போயி கேளு, அது பொய் சொல்லாதுன்னு சொல்லி அனுப்புனாரு."

காத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கல்லு இருந்துச்சு, உளுந்து கெடந்துச்சுன்னு அவரு சொல்றாருக்கா. போலீசுல யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. போட்டோவுல ஒண்ணுமே இல்லியாம்." அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. படம் எடுத்தவன் என்பதால் பார்த்தாள், அவ்வளவுதான். "நீங்க பாத்தீங்களாக்கா?"

காத்தாயி குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் கொல்லையில இருந்தேன் தாயி. சத்தம் கேட்டுத்தான் ஓடியாந்தேன்."

"கல்லு ஏதாச்சும்..."

"நான் எதையும் கவனிக்கல."

ஃபிளோரா தலையாட்டினாள். தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுத் தானும் குடித்தாள். காத்தாயி அவளை விடவில்லை. சோறு தின்றுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்தாள். வெந்தயக் குழம்பும் கீரையும். குழந்தை தோசை கேட்டது. "தோச இல்ல சாமி" என்றாள் காத்தாயி. எதிரே கிரைண்டர் துணி போட்டு மூடிக் கிடந்தது. மூலையில் புது உளுந்து மூட்டை சாய்ந்திருந்தது. ஃபிளோரா மூட்டையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் குழந்தைக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். என் தட்டில் விழுந்த சோற்றை நானும் தின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தாலும் தின்றேன்.

"லைசென்ஸப் புடுங்கி வெச்சுக்கிட்டாங்க" என்றாள் ஃபிளோரா, கிளம்பும்போது. "நான் வெத்தல மண்டியில நூறு நூறு வெத்தலயா கவுளி அடுக்கப் போறேன். அவரு ஜாமீன்ல வந்தா மூட்ட தூக்கலாம்னு சொல்றாரு. வண்டி ஓட்டுறத தவிர அவருக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. தண்டன ஆயிட்டா அதுவும் போச்சு." காத்தாயி வாசல் வரை வந்தாள். குழந்தையின் கையில் ஒரு கொய்யாப்பழத்தைக் கொடுத்துவிட்டு, அவர்கள் பஸ் ஏறும்வரை வெயிலிலேயே நின்றாள்.

சித்திரையில் பாஸ்போர்ட் விசாரணைக்கு ஏட்டு வந்தார். 'இவர் மேல் எந்த வழக்கும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். ஆவணியில் பகலவன் விமானம் ஏறினான். போகிற அன்றைக்குக் காலையில் அவன் ஸ்டுடியோவுக்கு வந்து, "அந்த டிரைவரு அண்ணனப் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சா எனக்குச் சொல்லுங்கண்ணே" என்றான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் போனான். நானாக இருந்தாலும் போயிருப்பேன். மாதம் ஒரு தரம் கடைத்தெரு டெலிபோன் பூத்துக்குப் பேசுவான். அம்மாவிடம் பேசும் மூன்று நிமிஷத்தில், "அந்தக் கேஸு என்னாச்சு?" என்று கேட்காமல் வைக்கமாட்டானாம். "நடக்குதுடா" என்பாளாம் காத்தாயி.

உளுந்து மூட்டை மூலையிலேயே இருந்தது. விற்கவும் இல்லை, அரைக்கவும் இல்லை. அடுத்த வருஷம் வண்டு விழுந்து மாவாகக் கொட்டியது. அதற்கப்புறம் அந்த வீட்டார் உளுந்து தெளிக்கவே இல்லை.

வழக்கு ரெண்டு வருஷம் கழித்து விசாரணைக்கு வந்தது. சாட்சிக்கூண்டில் முதலில் என்னை ஏற்றினார்கள். ஆறு படத்தையும் காட்டி, நான் எடுத்ததுதானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். சகாயராஜின் வக்கீல், "இவ்வளவுதான் எடுத்தீர்களா?" என்று கேட்டார். "இவ்வளவுதான்" என்றேன். சகாயராஜ் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மூட்டை தூக்கித் தூக்கி அவன் தோள் ஒருபக்கமாகச் சரிந்திருந்தது.

பிறகு சாமிதுரை ஏறினார். மகசரைக் காட்டினார்கள். கையெழுத்து தன்னுடையதுதான் என்றார்.

"சாலையில் தடங்கல் ஏதும் இருந்ததா?"

"இல்லீங்க. ரோடு சுத்தமா இருந்துச்சுங்க."

இறங்கி வந்தவர் என் பக்கத்தில் உட்காரவில்லை. தனியாக நடந்துபோய் பஸ் ஏறிவிட்டார்.

அடுத்த மாதம் ஒரு நாள் சாயங்காலம் காத்தாயி அக்கா ஸ்டுடியோவுக்கு வந்தாள். அவளும் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தாள்.

"தம்பி, கோர்ட்டுலேருந்து வந்தன்னிலேருந்து அவரு ஒழுங்கா சாப்புடல. தட்டுல கையக் கழுவிட்டு எந்திரிச்சுடுறாரு. நான் கும்மோணத்துக்கு ஆளு விட்டு அந்தப் பொண்ணுக்குச் சொல்லியாச்சு. நாளைக்கி அவுங்க பக்கத்து சாட்சியா நான் ஏறுறேன்."

"பகலவன்..."

"அவன் பேரு வராது. அதுக்கு நான் வழி வெச்சிருக்கேன். நீங்க ஒண்ணு செய்யணும். அந்த டயரு படம் இருக்குல்ல?"

"இருக்குக்கா."

"அத எடுத்துட்டு வாங்க. நான் படிக்காதவ. நான் சொன்னா நம்புவாங்களோ மாட்டாங்களோ. படம் இருந்தா நம்புவாங்கல்ல?"

"எடுத்துட்டு வரேங்கா" என்றேன்.

அன்றைக்கே பிலிம் துண்டைத் தேடி எடுத்தேன். ஒரு முனையில் பகலவன் முகம், நடுவில் லாரி, மறுமுனையில் டயர். டயரை மட்டும் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். ஒவ்வோர் உளுந்து மணியும் எண்ணிவிடலாம் போல இருந்தது. மறுநாள் அதை உறையில் வைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். கொடுக்க வேண்டும் என்றுதான் போனேன்.

காத்தாயி கூண்டில் ஏறினாள். தலை கூண்டுக் கட்டைக்கு மேல் கொஞ்சம்தான் தெரிந்தது. சகாயராஜின் வக்கீல் கேட்டார், அன்றைக்குச் சாலையில் என்ன இருந்தது என்று.

"உளுந்துச் செடி கெடந்துச்சுங்க. எங்க உளுந்துதான். அந்தாண்ட கல்லு இருந்துச்சு. லாரிக்கு வேற வழியில்லீங்க. செடி மேல ஏறி வழுக்கிடுச்சு. அந்தப் புள்ள மேல தப்பில்லீங்க."

"கல்லை வைத்தது யார்?"

"நான்தாங்க."

எனக்குப் பக்கத்தில் சாமிதுரை பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"போலீஸ் வரும்போது சாலை சுத்தமாக இருந்ததாக உங்கள் கணவர் சொல்லியிருக்கிறாரே?"

"சுத்தமாத்தாங்க இருந்துச்சு. நான்தான் கூட்டுனேன். இந்தப் புள்ள பாய தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கி ஓடுன நேரத்துல நான் வெளக்கமாத்த எடுத்தேன். பாயிக்கி தண்ணி குடுத்த கையாலயே கூட்டுனேன்."

அரசு வக்கீல் எழுந்தார். ரெண்டு வருஷம் சொல்லாததை இப்போது ஏன் சொல்கிறாள், டிரைவர் வீட்டில் ஏதாவது வாங்கினாளா என்று கேட்டார். "அந்தப் பொண்ணு என் வீட்டுல சோறு தின்னுச்சுங்க, அதான்" என்றாள். அவருக்கு அது புரியவில்லை.

"நீங்கள் சொல்வதற்கு உங்கள் வார்த்தையைத் தவிர வேறு ஆதாரம் உண்டா?"

காத்தாயி என்னைப் பார்த்தாள்.

உறை என் நெஞ்சில் விறைப்பாகக் குத்திக்கொண்டிருந்தது. எழுந்து நான்கு எட்டு வைத்தால் வக்கீல் மேசை. ஆனால் 'இவ்வளவுதான்' என்று சத்தியம் செய்து சொன்னவன் நான். எடுத்தால், ஏன் மறைத்தாய் என்று கேட்பார்கள். ஸ்டுடியோ, ஸ்டேஷன், என் பிள்ளைகள் எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் நினைவுக்கு வந்தன. நான் தலையைக் குனிந்து தரையைப் பார்த்தேன்.

அவள் கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு, "ஆதாரம் நான்தாங்க. வேற இல்லீங்க" என்றாள்.

அவள் வார்த்தையே போதுமானதாக இருந்தது. அடுத்த மாதம் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து சகாயராஜை விடுதலை செய்தார்கள். லைசென்ஸ் திரும்பி வந்தது. காத்தாயி மேல் தனியாக ஒரு வழக்குப் போட்டு, அவளை ரெண்டு வருஷம் கோர்ட்டுக்கு நடக்க விட்டார்கள். முத்துப்பேட்டைக்கும் அவள் ஒரு தரம் போய்வந்தாள். அங்கே பாய் வீட்டில் என்ன நடந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் அவள் சாட்சி சொன்ன அன்றைக்குக் கோர்ட்டு வராந்தாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஃபிளோரா காத்தாயியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சாமிதுரை தள்ளிப்போய் வேப்பமரத்தடியில் குந்தி அழுதுகொண்டிருந்தார். நான் கண்ணில் படாமல் நழுவப் பார்த்தேன். காத்தாயி கூப்பிட்டுவிட்டாள்.

"படத்த எடுத்துட்டு வரலியா தம்பி?"

"மறந்துட்டேங்கா."

அவள் பார்வை என் சட்டைப் பைக்குப் போனது. உறையின் மேல் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை அப்போதுதான் நானும் பார்த்தேன். அவள் கோபிக்கவில்லை. ஃபிளோராவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பரவால்ல தம்பி. எனக்கே ரெண்டு வருஷம் ஆச்சு. ஒங்களுக்கும் ஆவும்."

ரெண்டு ஆகவில்லை. இதைச் சொல்ல எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. காத்தாயி அக்கா போன தையில் இறந்துபோனாள். அவள் படத்தைப் பெரிதாக்கித் தரச்சொல்லிப் பகலவன் என்னிடம்தான் கொடுத்திருக்கிறான். டயர் படம் இன்னும் அதே உறையில் இருக்கிறது.